அவன் திரும்புவதற்குள் பால் பிடித்த பயிர்

“நிறுத்துங்க தம்பி.”

அண்ணி அப்படிச் சொன்னபோது நான் போனைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தா.பழூரில் எங்கள் வீட்டுச் சமையலறை. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அண்ணி தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே சொம்பில் சாய்த்து வைத்த என் போனில், வரப்போகும் வெள்ளிக்கிழமை ஒளிபரப்பாக வேண்டிய எங்கள் தொடரின் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எடிட்டர் அன்று காலையில்தான் அனுப்பியிருந்தார்.

“கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க.”

தள்ளினேன்.

“இன்னும் கொஞ்சம்... ம். இப்ப விடுங்க.”

விட்டேன். திரையில் ஒரு தங்கை, ஓர் அண்ணன், ஒரு நெல் வயல். வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு போன தங்கை, பல வருடம் கழித்து வந்து வரப்பில் நின்று மன்னிப்புக் கேட்கிறாள். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். பிறகு மெல்லத் திரும்புகிறான். “வா, வூட்டுக்குப் போவோம்” என்கிறான். இரண்டு பேரும் வரப்பில் நடந்து போகிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கும்.

அண்ணிக்குக் கலங்கவில்லை. திரையின் ஓரத்தை, யாரும் பார்க்காத இடத்தை, விரலால் காட்டினார்.

“அவன் திரும்புறதுக்குள்ள பயிர் பால் புடிச்சிடுச்சே தம்பி.”

நான் பதறிப்போய் போனைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

வளையலுக்குக் காவல்

ஏன் பதறினேன் என்பதற்கு என் வேலையைச் சொல்ல வேண்டும். சென்னையில் டிவி தொடர் ஒன்றில் நான் உதவி இயக்குநர். அதிலும் கன்டினியூட்டி பார்க்கிறவன். ஒரே காட்சியைத் துண்டுதுண்டாக, சில சமயம் வாரக்கணக்கில் இடைவெளி விட்டு எடுப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு அது ஐந்து நிமிடத்தில் நடந்ததாகத் தெரிய வேண்டும். அதற்கு ஒருவன் காவல் இருக்க வேண்டும். அந்த ஒருவன் நான்.

எந்தக் கையில் எத்தனை வளையல், பூ எந்தப் பக்கம் தொங்கியது, டம்ளரில் காபி எதுவரை இருந்தது, சட்டையில் எத்தனையாவது பட்டன் திறந்திருந்தது. எல்லாவற்றையும் படம் எடுத்து, நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். சரியாகச் செய்தால் யாருக்கும் நான் இருப்பதே தெரியாது. தப்பாகச் செய்தால் ஊருக்கே தெரியும்.

அப்படி ஒரு முறை தெரிந்தும் விட்டது. விபத்தில் நாயகிக்கு இடது கையில் கட்டுப் போட்டோம். அடுத்த வாரம் கட்டு வலது கையில் இருந்தது. ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே அண்ணியிடமிருந்து போன் வந்தது.

“தம்பி, அந்தப் பொண்ணுக்கு எந்தக் கைதான் ஒடஞ்சுது?”

அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் காலையில் போனைத் திறந்தால் எங்கும் அந்தக் கைதான். கட்டு கை விட்டுக் கை தாவுவதை வைத்து மீம் போட்டுத் தள்ளிவிட்டார்கள். டைரக்டர் என்னை யூனிட் மொத்தத்துக்கும் நடுவில் நிறுத்தி, “இன்னொரு தடவை இந்த மாதிரி ஒண்ணு வெளிய போச்சுன்னா நீ பெட்டியக் கட்டிக்கலாம்” என்றார். சத்தமே போடாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இதை விட்டால் வேறு வேலை தெரியாது.

அன்றிலிருந்து முக்கியமான காட்சி எதுவானாலும், வெளியே போகும் முன் அண்ணி கண்ணில் ஒரு முறை காட்டிவிடுவேன். அப்படிக் காட்டக் கூடாது என்பது கம்பெனி கட்டளை. கட்டளை போட்டவர்களுக்கு அண்ணி மாதிரி ஓர் அண்ணி இல்லை.

கலவன்

என் அண்ணன் மனைவி கல்யாணமாகி வந்த புதிதில் அவரிடம் இப்படி ஒரு வித்தை இருப்பது எங்களுக்குத் தெரியாது. டிவி முன்னால் உட்கார்ந்து எல்லாரும் அழும்போது அவர் மட்டும் “இந்த மாடிப்படி நேத்து அந்தப் பக்கம்ல இருந்துச்சு” என்பார். அழுதுகொண்டிருப்பவர்களுக்குக் கோபம் வரும்.

தொடரில் ஒரு சாவு வீடு. காலையில் பிணம் கிடக்கிறது, மாலையில் எடுக்கிறார்கள். “சுவத்துக் கடிகாரம் பத்து பத்துலயே நிக்குது பாருங்க. கெழவர் போனதுல அதுவும் போயிடுச்சு” என்பார். நாயகனும் நாயகியும் பிரிந்து மாதக்கணக்கில் அழுவார்கள். “ரெண்டு பேரு கையிலயும் போன் இருக்கு. ஒரு வார்த்த பேசிட்டா கத முடிஞ்சிடும். அதான் இவங்க யாரையும் பேசவே வுட மாட்டேங்குறாங்க” என்பார். எங்கள் கதை விவாத அறையில் பத்துப் பேர் மூடி மறைத்த ஓட்டை அது. அண்ணி அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது எட்டிப் பார்த்தே சொல்லிவிட்டார்.

அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று வெகு காலம் கழித்துத்தான் புரிந்தது. எங்கள் வயலில் விதை நெல் போடுகிறோம். சாப்பாட்டுக்கு விளைகிற நெல் போல இல்லை இது. ஒரே ரகமாக, கலப்பில்லாமல் இருக்க வேண்டும். வேறு ரகத்துப் பயிர் ஒன்று ஊடே முளைத்தால் அதற்குக் கலவன் என்று பெயர். வயலுக்குள் இறங்கி நடந்து, தேடிப் பிடித்து, வேரோடு பிடுங்க வேண்டும். விதை ஆபீசர் வந்து பார்க்கும்போது கலவன் கண்ணில் பட்டால் வயல் தேறாது.

ஒரு நாள் அண்ணியோடு நானும் இறங்கினேன். கண்ணுக்கெட்டிய வரை ஒரே பச்சை. நான் பார்த்தவரை எல்லாப் பயிரும் உடன்பிறப்புகள்தான். அண்ணி நின்றார், குனிந்தார், ஒன்றைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

“இதுல என்னா அண்ணி வித்தியாசம்?”

“தோக கொஞ்சம் வெளுப்பு. பக்கத்துல இருக்கறத விட ஒரு விரக்கட ஒசரம்.”

“தேடித் தேடிப் பாப்பீங்களா?”

“தேடுனா கெடைக்காது தம்பி. சும்மா மொத்தமா பாத்துக்கிட்டே நடக்கணும். ஒத்துப் போவாதது தானா வந்து கண்ணுல குத்தும்.”

நான் அந்தப் பயிரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் நோட்டில் நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்துக்கொண்டு செய்வதை, இவர் நோட்டு இல்லாமல், ஓர் ஏக்கர் பச்சைக்கு நடுவில் செய்துகொண்டிருந்தார்.

பெரம்பலூருக்கு வந்த ரயில்

ஓட்டை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சொல்லிவிட்டு வருகிறேன்.

நான் பெரம்பலூரில் படித்துக்கொண்டிருந்த காலம். அங்கே தியேட்டரில் ஒரு படம் பார்த்தோம். பெயர் வேண்டாம். கதாநாயகி கிராமத்துக்கு வருகிறாள். ரயில் வந்து நிற்கிறது, புகை விலகுகிறது, பெட்டியோடு இறங்குகிறாள். பின்னால் மஞ்சள் பலகையில் ‘பெரம்பலூர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது.

பெரம்பலூரில் எந்தக் காலத்திலும் ரயில் கிடையாது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் அரியலூருக்கு பஸ் ஏற வேண்டும். யாரோ ஒருவர் முன்வரிசையிலிருந்து, “யோவ், டேசன எங்கய்யா வச்சிருக்கீங்க?” என்று கத்தினார். தியேட்டரே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

அதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். சிரித்து முடித்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். விசில் அடித்தார்கள். “ஒன்ஸ்மோர்” கேட்டார்கள். ஆபரேட்டரும் நம்ம ஊர்க்காரர்தானே, ரீலைத் திருப்பிப் போட்டார். மறுபடியும் பெரம்பலூருக்கு ரயில் வந்தது. எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்றே பார்த்தார். அவர் கண்ணில் கேலி இல்லை.

தப்பைக் கண்டுபிடித்தவர்களே அந்தத் தப்பை இப்படிக் கொண்டாடி அன்றுதான் பார்த்தேன். படம் எடுத்தவர்களுக்கு அந்த ஊரைத் தெரியாது. அந்த ஊருக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

சரி, சமையலறைக்கு வருகிறேன்.

மூன்று வாரம்

அந்தத் தங்கை, அண்ணன் காட்சியை எங்கள் வயலில்தான் எடுத்தோம். நான்தான் டைரக்டரிடம் சொல்லி யூனிட்டை அழைத்து வந்தேன். அந்தப் பெருமை வேறு. தங்கை பேசும் பாதியை முதலில் எடுத்தோம். அண்ணன் திரும்ப வேண்டிய இடத்தில் அந்த நடிகருக்கு வேறு படப்பிடிப்பு வந்து கிளம்பிவிட்டார். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து மீதியை எடுத்தோம். இரண்டாம் முறை எடுக்கும்போது அண்ணி ஊரில் இல்லை. ஜெயங்கொண்டத்தில் அவர் தங்கை வீட்டில் விசேஷம்.

நான் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சரிபார்த்தேன். தங்கையின் அதே கத்தரிப்பூ நிறச் சேலை, அதே மடிப்பு. காதில் அதே தோடு. அண்ணன் சட்டையில் தோள்பட்டையில் இருந்த சேற்றுக்கறையைக்கூட, முன்பு இருந்த அதே வடிவத்தில் நானே பூசிவிட்டேன். டைரக்டர் பார்த்துத் தலையசைத்தார்.

பயிரைப் பார்க்கவில்லை.

முதல் பாதியில் கதிர் இன்னும் தோகைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டாம் பாதியில் கதிர் வெளியே வந்து, பூத்து, மணிக்குள் பால் பிடித்து, தலை சாயத் தொடங்கிவிட்டது. சென்னைக்காரர்களுக்கு இரண்டும் பச்சைதான். எடிட்டருக்குத் தெரியாது, கேமராமேனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வயலின் நெல்லைத் தின்று வளர்ந்தவன் நான். வளையலைப் பார்த்துப் பார்த்து, வயல் எனக்கு வெறும் பின்னணி ஆகிப்போயிருந்தது. அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

“நம்ம பக்கத்து சனம் பூரா இத பாக்குதே அண்ணி. ஒவ்வொரு வூட்லயும் சிரிப்பாங்க. என் வேல போச்சு.”

அண்ணி ஆய்ந்த கீரையை முறத்தில் ஒதுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, போனைத் தன் பக்கம் இழுத்து முழுக் காட்சியையும் இன்னொரு முறை பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எனக்கு அந்தப் பயிர் மட்டும் இல்ல தம்பி, இன்னொண்ணும் ஒத்துப் போவல.”

“இன்னும் ஒண்ணா?”

“இத்தன வருசக் கோவம். இவ வந்து நின்னு ரெண்டு வார்த்த அழுவுறா, அவன் உடனே வா வூட்டுக்குங்கிறான். அப்படிக் கரையிற கோவத்துக்கா இத்தன நாளு பேசாம இருந்தான்?”

கதையின் ஓட்டையும் வெளியே வந்துவிட்டது. நான் தலையில் கை வைத்தேன். அண்ணி தொடர்ந்தார்.

“அவன் உடனே திரும்புனாத்தான தப்பு. மூணு வாரம் திரும்பவே இல்லன்னு வச்சுக்குங்களேன். இவ தெனமும் வந்து அதே வரப்புல நிக்கிறா. அவன் பேச மாட்டேங்குறான். கதிரு வருது, பூக்குது, பால் புடிக்குது. அப்பறம் திரும்புறான். பயிர் சரியாப் போச்சு, கோவமும் சரியாப் போச்சுல்ல?”

இரண்டு தப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றுக்குள் ஒன்று போய்ப் பொருந்திவிட்டது. புதிதாக ஒரு காட்சி எடுக்க வேண்டாம். தங்கையின் குரலில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.

“ஆனா சேல அதே சேலயா இருக்கே அண்ணி?”

“கட்டுன சேலையோட வந்தவ. தொவச்சுத் தொவச்சு அதத்தான் கட்டுவா. அதுவும் நல்லாத்தான் இருக்கு.” பிறகு சிரித்துவிட்டார். “ஆனா அவன் தோள்ல இருக்கற சேற மட்டும் மறச்சிடுங்க. மூணு வாரமா அப்படியேவா ஒட்டிக்கிட்டு இருக்கும்?”

நான் பாடுபட்டுப் பூசிய சேறு. இப்போது அதுதான் கலவன்.

பஸ் ஸ்டாண்டில்

அன்றே கிளம்பினேன். ஜெயங்கொண்டம், அரியலூர், அங்கிருந்து சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து பெரம்பலூர். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. சென்னை பஸ் வருவதற்குள் டைரக்டருக்குப் போன் செய்தேன். டீக்கடை ஓரமாக நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, முதலில் தப்பைச் சொன்னேன். அவர் ஏசியதை இங்கே எழுத முடியாது. ஏசி முடித்ததும் மூன்று வார யோசனையைச் சொன்னேன்.

அவர் கடைசி வரை கேட்டுக்கொண்டார்.

“யாருய்யா இத யோசிச்சது?” என்றார்.

மிகச் சாதாரணமான கேள்வி. ஒரு பெயரைச் சொன்னால் முடிந்தது. காட்சியை வெளியாளிடம் காட்டியது தெரிந்துவிடுமே என்று ஒரு பயம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அவர் குரலில் முதல் முறையாக மரியாதை கேட்டது.

“நான்தான் சார்.”

“உனக்குள்ள இவ்வளவு இருக்கா? நாளைலேருந்து கதை டிஸ்கஷனுக்கு வந்து உக்காரு.”

இன்று நான் கதை எழுதிப் பிழைக்கிறேன் என்றால் அந்த ஒரு வார்த்தைதான் காரணம். இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகைப் பத்தியில் என் வாழ்க்கையை எழுதி வருகிறேன். சென்னையில் எப்படி மேலே வந்தேன் என்று போன மாதம்கூட எழுதினேன். இதை மட்டும் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை

காட்சி ஒளிபரப்பானது. தங்கை அழுது முடிக்கிறாள். முதுகு காட்டி நிற்கும் அண்ணன். கதிர் வராத பயிர். மெல்ல இருட்டி, திரும்ப வெளிச்சம் வரும்போது அதே வயலில் தலை சாய்ந்த கதிர்கள். அதன் மேல் தங்கையின் குரல்: “மூணு வாரமா தெனம் வந்து நிக்கிறேண்ணே. பயிருகூட தல சாஞ்சிடுச்சு.” அண்ணன் திரும்புகிறான்.

எடிட்டிங் அறையில் ஒரு டஜன் முறை பார்த்த எனக்கே அழுகை வந்தது. யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் ஒருவர், பயிரை வைத்து நாள் சொன்னவர் நிச்சயம் விவசாயிதான் என்று எழுதியிருந்தார்.

காட்சி முடிந்த கையோடு அண்ணிக்குப் போன் செய்தேன்.

“நல்லா வந்திருக்கு தம்பி. சேறு தெரியல. டைரக்டர் என்னா சொன்னாரு?”

“ரொம்ப நல்லா இருக்குன்னாரு அண்ணி. கத டிஸ்கஷனுக்கு வந்து உக்காரச் சொல்லிட்டாரு.”

“யாரு சொன்னதுன்னு கேட்டாரா?”

“கேக்கல அண்ணி.”

சுவரில் ஓடாத கடிகாரத்தைப் பார்த்தவர், தோகையின் வெளுப்பைப் பார்த்தவர். வேலை போகும் என்று அழுதுவிட்டுப் போனவன் கதை அறைக்கு எப்படிப் போனான் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

“அவருக்கு ஆயிரம் சோலி இருக்கும். இதெல்லாம் எங்க கேக்கப் போறாரு” என்றார் அண்ணி. “நீங்க சாப்டீங்களா?”

என் கதையில் இருந்த ஓட்டையையும் அவரே அடைத்துக் கொடுத்தார். அந்தக் காட்சிக்குச் செய்தது போலவே, ஒரே வரியில்.

வாசித்துக் காட்டியது

இதுவரை எழுதியதை இந்த வாரம் தா.பழூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். அச்சுக்குப் போகும் முன் அண்ணி கேட்க வேண்டும் என்று தோன்றியது. எதிரே உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். பஸ் ஸ்டாண்டு பகுதியை மட்டும் தலை நிமிராமல் வாசித்தேன். முடித்துத் தாளை மடித்தேன்.

“ஒரு தப்பு இருக்கு தம்பி.”

“சொல்லுங்க அண்ணி.”

“ஆரம்பத்துல நான் வெங்காயம் உரிச்சேன்னு எழுதியிருக்கீங்க. அப்பறம் பாத்தா மொறத்துல கீர இருக்கு. அன்னைக்கு கீரதான். முருங்கைக்கீர.”

“வேற... வேற எதுவும் இல்லையா அண்ணி?”

“வேற என்னா? மிச்சமெல்லாம் எனக்கு அப்பவே தெரியும்” என்று சொல்லிவிட்டு எனக்குக் காபி போட எழுந்து போனார்.

வெங்காயத்தை நான் திருத்தவில்லை. மேலே அப்படியேதான் இருக்கிறது. இந்தத் தடவை கண்டுபிடித்தது யார் என்று எல்லாருக்கும் தெரியட்டும்.